பெயரோ ‘மெய்’, வாளிலே பொய்!

ஜப்பான் வாள்களில் கள்ளக் கையெழுத்து
துரு காட்டிக் கொடுக்கிறது

திருடன் கைரேகையை விட்டுப் போவான். ஜப்பானில் ஒரு கில்லாடிக் கூட்டம் கையெழுத்தையே விட்டுப் போனது. அதுவும் அடுத்தவர் கையெழுத்தை!

ஜப்பானில் வாள் செய்யும் கொல்லர், பிடிக்குள் மறையும் அடிப்பாகத்தில் தன் பெயரை உளியால் வெட்டுவார். பிடியிலுள்ள சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும், பெயர் தெரியும். ஜப்பானிய மொழியில் இதற்குப் பெயரே ‘மெய்’. பொய்க் கையெழுத்து என்றால் ‘கிமெய்’.

புலி வாள்

போலிகளிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் கொதெட்சு. 17-ம் நூற்றாண்டில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) இருந்தவர். கவசம் செய்து வந்த இவர், சுமார் 50 வயதில்தான் வாள் செய்ய இறங்கினார். மவுசு ஏறியது, போலிகளும் முளைத்தன. கொதெட்சு வாள் என்று எவராவது நீட்டினால் அது போலி என்றே வெச்சுக்கோ என்கிற பேச்சு அங்கே வழக்கமாகி விட்டது.

1864-ல் கியோட்டோவின் இக்கெதாயா விடுதியில் இரவில் வாள் சண்டை. உள்ளே பாய்ந்தவர் ஷின்செங்குமி படைத் தலைவர் கொந்தோ இசாமி. கொதெட்சு வாள் என்பதாலோ என்னவோ தன் வாளுக்குச் சேதமில்லை என்று பிறகு கடிதம் எழுதினார். ஆனால் அது கியோமாரோ என்ற வேறு கொல்லர் செய்தது, பெயர் மட்டும் கள்ளத்தனமாக வெட்டியது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

குட்டு உடைவது எப்படி?

கொதெட்சு தன் பெயரிலுள்ள ‘புலி’ எழுத்தை முதலில் ஒரு மாதிரியும் பிற்காலத்தில் வேறு மாதிரியும் வெட்டினார். வாளிலுள்ள வருடம் ஒன்று, புலி வேறு என்றால் ஆள் அகப்பட்டான்!

அடுத்த சாட்சி துரு. பழைய துரு கறுத்து, ஒரே சீராக இருக்கும். அதன் நடுவே எழுத்துப் பள்ளம் மட்டும் புதுசாக இருந்தால் சந்தேகம்தான். கடைசியில் அலகே பேசும். இரும்பின் ரேகையும் முனையோரத்து வெண் கோடும் அந்தக் கொல்லரின் வேலைக்கு ஒத்துப் போகணும். போகாவிட்டால் பெயர் எத்தனை அழகாக இருந்தும் பயனில்லை.

உப்புத்தாள் வேண்டாம்!

1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்க, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் நிறைய வாள்களை ஊருக்குக் கொண்டு போனார்கள். அவை இப்போது பேரப்பிள்ளைகள் கையில். பெயரைப் படிக்கிற ஆவலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போச்சு! துரு போகும், சாட்சியும் போகும், வாளின் மதிப்பும் போகும். காசு மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கிற மாதிரி, மெல்லிய தாளில் படி எடுப்பதே நிபுணர் வழக்கம்.

கலை வாள்களைக் காக்க 1948-ல் தொடங்கிய ஜப்பானியச் சங்கம், கள்ளப் பெயர் என்று தீர்ந்தால் சான்றிதழ் தருவதில்லை. அதனால் தேர்ந்த கைகாரரை வைத்து அந்தப் பெயரையே நீக்கிவிட்டு, மறுபடி பரிசோதனைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

பெயரே இல்லாத நல்ல வாளுக்கு அங்கே சான்றிதழ் கிடைக்கும். பெரிய பெயரைத் திருடிய வாளுக்குக் கிடைக்காது!