இணைய ஏலத்தில் முதன்முறை விற்போர்க்கு

ஏலம் என்பது நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதிய சொல் அன்று. மஞ்சளும் பருத்தியும் கொப்பரையும் விளைவிப்போர், விற்பனைச் சங்கத்தின் களத்தில் மூட்டைகளை அடுக்கி வைப்பதையும், வியாபாரிகள் மாதிரியைக் கையில் அள்ளிப் பார்த்து விலை எழுதிப் போடுவதையும் நெடுங்காலமாக அறிவர். ஆனால், வாங்குபவர் முகத்தை விற்பவரும், விற்பவர் முகத்தை வாங்குபவரும் காணாமலே கைப்பேசியின் வழியே நடைபெறும் ஏலம் அத்துணைப் பழகியது அன்று. அங்கே சரக்கு கண்முன் இல்லை, தராசு இல்லை, சாட்சியும் இல்லை. இம்முறையில் இறங்க விரும்பும் அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி விளக்கம் கேட்பதால், அதன் நன்மை தீமைகளை இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். வேலை முடிந்து புறப்படும் வேளையில் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வந்தார். சொந்த நூலில் தாம் நெய்த இரண்டு பருத்திச் சேலைகளை, ஓர் இணையக் குழுவில் நடந்த ஏலத்தில் விட்டதாகக் கூறினார். தொடக்க விலையைக் குறைத்து வைத்தால் கூட்டம் சேரும் என்று எவரோ சொன்னதை நம்பி, முதல் சேலையை 1 ரூபாயில் தொடங்கினாராம். கேட்டவர்கள் இருவரே. நூலுக்கும் சாயத்துக்கும் ஆன செலவுகூடத் தேறாத விலைக்குச் சேலை போயிற்று. இரண்டாவது சேலைக்கு நல்ல விலை கேட்ட ஒருவர், பணம் செலுத்திவிட்டதாக ரசீதுப் படம் ஒன்றை அனுப்பினார். அதைக் கண்டதும் இவர் சேலையை அனுப்பிவிட்டார். பணம் வரவேயில்லை. “எட்டு நாள் தறியில் உட்கார்ந்து நெய்ததுங்க, ஐயா” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நமக்கும் உடனே சொல்லத் தோன்றவில்லை.

அவர் செய்த பிழைகள் இரண்டும் புதிதாக வருவோர் எவரும் செய்யக்கூடியவையே. அவற்றைத் தவிர்க்க, இவ்வேலம் நடைபெறும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

விலை ஏறுவது எவ்வாறு?

இணைய ஏலத் தளங்களில் பெயர்பெற்ற ‘ஈபே’, 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் என்பவரால் தொடங்கப்பெற்றது. அத்தகைய தளங்களில் ஏலம் கேட்பவர், தாம் கொடுக்க இசையும் உச்ச விலையைத் தளத்திடம் முன்கூட்டியே இரகசியமாகச் சொல்லி வைக்கலாம். பிறர் கேட்கக் கேட்க, அவர் சார்பில் தளமே சிறிது சிறிதாக விலையை ஏற்றிக்கொண்டு போகும். ஒருவர் 3,000 ரூபாய் வரையும் மற்றொருவர் 2,600 ரூபாய் வரையும் கொடுக்கச் சித்தமாயிருந்தால், சேலை 3,000 ரூபாய்க்குப் போகாது. 2,600 ரூபாய்க்குச் சற்று மேலே நின்றுவிடும். அதாவது, விலையைத் தீர்மானிப்பவர் மிகுதியாகக் கொடுக்கத் துணிந்தவர் அல்லர், அவருக்கு அடுத்தவரே. சரக்கின் அருமை தெரிந்தவர்கள் இருவரேனும் வந்தாலன்றி ஏலம் ஏறாது. நாடெங்கும் தேடப்படும் பொருளுக்கு 1 ரூபாய்த் தொடக்கம் கூட்டம் சேர்க்கக்கூடும். பெயர் அறியாத புதியவரின் சேலைக்கு அது ஆபத்தேயாகும்.

ஆகவே, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்னும் விலையை ஏலத்திற்கு முன்னரே கணக்கிட்டு, அதனையே தொடக்க விலையாக வைத்தல் நன்று. ஓர் உதாரணம் கூறுவோம். நூலும் சாயமும் 900 ரூபாய், நெசவுக் கூலி 1,100, பெட்டியும் தபாலும் 150. ஆக 2,150 ரூபாய் என்று கொள்வோம். தளத்தின் கட்டணம் 100-க்கு 12 என்று வைத்துக்கொள்வோம். இக்கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும். 2,150-உடன் அதில் 12 சதவிகிதம் கூட்டி 2,408 என்று விலை வைப்பவருக்கு நஷ்டம் நேரும். ஏனெனில், தளம் தன் கட்டணத்தை அடக்க விலைமீது எடுப்பதில்லை. விற்ற விலைமீது எடுக்கிறது. 2,408-இல் 12 சதவிகிதம் போக மிஞ்சுவது 2,119 ரூபாயே. கையில் 2,150 நிற்க வேண்டுமாயின், விலை 2,445 ரூபாயாக இருத்தல் வேண்டும். கூலியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களும் உளர். வீட்டுத்தறியில் நெய்ததாயினும் கூலி கூலியே.

ஏலம் முடியும் நேரத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும். ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் என்னும் பொருளாதார அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஈபே ஏலங்களில் பலர் கடைசி நிமிடங்கள் வரை காத்திருந்தே கேட்கிறார்கள் என்று காட்டினார்கள். எனவே, மூன்று நாள் எவரும் கேட்கவில்லையே என்று மனம் தளர்ந்து, இடையில் தனியே பேரம் பேச வருபவரிடம் சரக்கைக் கொடுத்துவிடலாகாது. வாங்குவோர் வீட்டில் ஓய்வாக இருக்கும் மாலை நேரத்தில் ஏலம் முடியுமாறு அமைத்தல் நலம்.

எழுதும் விவரமே சரக்கு

இணையத்தில் வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நாம் எழுதிய விவரத்தையே பார்க்கிறார். ஆகவே, நீளம், அகலம், நூலின் நம்பர், ஜரிகை அசலா அன்றா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா, சாயம் துவைப்பைத் தாங்குமா என்பனவற்றை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். உடல், கரை, முந்தானை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தனித்தனியே படம் எடுத்தல் வேண்டும். இழை விட்ட இடம் இருப்பின் அதனையும் படமெடுத்துக் காட்டுவதே உத்தமம்.

குறையைச் சொன்னால் எவர் வாங்குவர் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஈபே தளத்தில் முதன்முதலாக விற்ற பொருள், பழுதடைந்த ஒரு லேசர் விளக்கு. பழுதானது என்று தெரிவித்தே அது 14.83 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அத்தகைய பழுதான விளக்குகளைச் சேகரிப்பவராம். எல்லாப் பழுதுக்கும் அத்தகைய ஆள் கிடைப்பார் என்று நாம் கூறவில்லை. குறையை மறைத்து விற்ற சேலை திரும்பி வரும்போது, இருவழித் தபால் செலவும் கெட்ட பெயரும் அதனுடன் சேர்ந்தே வரும் என்பதையே வற்புறுத்துகிறோம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதுவது இதனினும் பெரிய குற்றம். தறியை நம்பி வாழும் அனைவருக்கும் இழைக்கும் துரோகமாகும். 2004-இல் ஏற்பட்ட பட்டு முத்திரையும், 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் நம் சரக்கிற்கு உண்டாயின், அவற்றைப் படத்தில் காட்டுதல் பயன் தரும்.

விலையை ஏற்றுவதற்காக, விற்பவரே வேறு பெயரிலோ உறவினர் மூலமோ ஏலம் கேட்பதும் தகாது. தளங்கள் அதனைத் தடை செய்துள்ளன. 2010-இல் இங்கிலாந்தில் அவ்வாறு செய்த ஒருவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

பணம் முன்னே, சரக்கு பின்னே

ரசீதுப் படம் பணமாகாது. தம் வங்கிக் கணக்கைத் தாமே திறந்து பார்த்து, தொகை வரவாகியிருப்பதைக் கண்டபின்னரே சரக்கை அனுப்ப வேண்டும். பணம் அனுப்புவதாகக் கூறி, ஒரு கட்டப் படத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுமாறு சொல்பவர் மோசக்காரர் என்பதில் ஐயமில்லை. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையேயில்லை. கொடுப்பதற்கே அது தேவை. தவறுதலாக அதிகத் தொகை அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பி அனுப்புக என்று வரும் வேண்டுகோளையும், தளத்திற்கு வெளியே வியாபாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்னும் அழைப்பையும் ஏற்கலாகாது. ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மறைத்துவிடாமல், 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். தாமதம் குறையுமளவுக்குப் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

சேலையை மடித்துப் பெட்டியிலிட்டு ஒட்டுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தலும், தபாலின் தடங்காணும் எண்ணைப் பாதுகாத்தலும் அவசியம். நல்ல சேலையைப் பெற்றுக்கொண்டு பழஞ்சேலையைத் திருப்பி அனுப்புவோரும் உளராதலால், பிற்பாடு இவையே சாட்சியாகும்.

இந்தியருக்குள் விற்க ஈபே நடத்திய தளம் 2018-இல் மூடப்பட்டது; அதன்வழி அயல்நாட்டார்க்கு விற்க இயலும். அதற்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். அமெரிக்காவுக்குச் செல்லும் 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கு, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 முதல் நீக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க.

விவசாயிகளுக்கு

விளைபொருளுக்குரிய மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பெற்றது. இங்கே சரக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு வந்து, தரம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே வியாபாரிகள் மின்னணு முறையில் விலை கேட்கின்றனர். ஆகவே, நெசவாளர் எழுத்தால் செய்யும் வேலையை இங்கே பரிசோதனை முடிவு செய்கிறது. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் கலந்து கொணர்பவர், நல்ல சரக்கையும் மட்டமான விலைக்கே இழக்கிறார். நன்கு உலர்த்தி, பிரித்து, தனித்தனிக் குவியலாகக் கொணர வேண்டும். கேட்ட விலை கட்டாதாயின் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு என்பதையும் மறக்கலாகாது.

சங்கத்தின் பெயர்

இனி, முக்கியமான ஒன்றைக் கூறுவோம். 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஈபே தளத்தில் நற்பெயர் ஈட்டிய வியாபாரி ஒருவர், ஒத்த தரமுள்ள பழைய தபால் அட்டைகளைத் தம் பெயரிலும், புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் ஏலம் விட்டுப் பார்த்தார். பழைய பெயருக்கு மக்கள் சுமார் 8 சதவிகிதம் அதிகம் கொடுக்க இசைந்தார்கள். சரக்கும் ஒன்றே, விற்றவரும் ஒருவரே, பெயர்தான் வேறு. தனி நெசவாளர் மாதம் ஓரிரு சேலை விற்று அப்பெயரை ஈட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு சங்கம் தன் பெயரில் ஒரே கணக்கைத் தொடங்கி, அனைவரின் சரக்கையும் ஒரே ஒழுங்குடன் விற்குமாயின், நாணயம் விரைவில் சேரும். அதன் பலன் நேற்றுச் சேர்ந்த அங்கத்தினருக்கும் கிடைக்கும். சங்கம் கொடுத்த நூலில் நெய்த சரக்கைத் தனியே விற்பது விதிக்கு முரணானது என்பதால், சங்கமே விற்பதுதான் முறையும் ஆகும்.

நாம் மேலே குறிப்பிட்ட நெசவாளரின் சங்கத்தில் இது குறித்துப் பேசினோம். நிர்வாகக் குழு ஆலோசித்து, ஐந்து சேலைகளைச் சங்கத்தின் பெயரில், அடக்க விலை கணக்கிட்டு ஏலத்தில் விட்டது. நான்கு விற்றன. ஒன்று தொடக்க விலைக்கும் ஆளின்றி அலமாரிக்குத் திரும்பியது. அதனை நஷ்டம் என்று எவரும் கூறவில்லை. 1 ரூபாயில் தொடங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஒவ்வொரு சேலைக்கும் விவரம் எழுதும் பொறுப்பை ஏற்றவர், முன்னர் ஏமாந்த அதே அங்கத்தினர்தாம். பணம் வரவானதைச் செயலாளர் வங்கிக் கணக்கில் பார்த்துச் சொல்லும்வரை, அவர் பெட்டியை ஒட்ட விடுவதில்லையாம்.

ஏனைய சங்கங்களும் தத்தம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஆலோசித்து, முதலில் ஐந்தாறு சேலைகளைக் கொண்டேனும் சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.