மண்ணுக்குள் கேறும் கோழி

நம் மன்றத்து நண்பர்கள் என்னைக் காணுந்தோறும், "தவளைகள் நலமா?" என்று விசாரிப்பதுண்டு. ஆராய்ச்சிக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்பது அதன் உட்பொருள். குறைந்து வருகின்றன என்று நான் சொன்னால், "யாரப்பா எண்ணிப் பார்த்தது?" என்பார்கள். கேலிதான், ஆயினும் நல்ல கேள்வி.

உலகக் கணக்கு ஒன்று உண்டு. 2023இல் வெளியான மதிப்பீடு, நிலநீர் வாழ்வனவற்றுள் 8,011 இனங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறிற்று. காடழிவு, தட்பவெப்ப மாறுதல், தோலைப் பற்றும் கைட்ரிட் பூஞ்சை ஆகியவை காரணங்கள். தவளை தோல் வழியாகவே நீரையும் உப்புகளையும் ஏற்கிறது. அத்தோல் கெட்டால் இரத்தத்தின் உப்பளவு குலைந்து இதயம் நின்றுவிடும்.

ஆனால் நம் மலைகளில் எண்ணுவது அவ்வளவு எளிதன்று. இடுக்கியில் கட்டப்பனைப் பக்கம் கிடைத்த ஊதாத் தவளையை 2003இல் எஸ். டி. பிஜுவும் பெல்ஜிய நாட்டுப் பிராங்கி பொசுயிட்டும் உலகுக்கு அறிவித்தனர். உப்பிய உடல், பன்றிபோல் கூரிய மூக்கு. நெருங்கிய உறவினர் இருப்பதோ கடல் கடந்து, செஷல்ஸ் தீவுகளில்! ஆண்டு முழுதும் மண்ணுக்குள் கறையான் தின்று கிடந்து, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள் மட்டும் இணைசேர மேலே வரும். அதனால் கேரளத்தில் மாவேலித் தவளை என்றும் சொல்வதுண்டு. ஓடைப் பாறையை வாயால் கவ்விக் கிடக்கும் இதன் தலைப்பிரட்டையை 1910களிலேயே அறிஞர்கள் விவரித்துவிட்டனர். பிள்ளையைக் கண்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே விஞ்ஞானம் தாயைக் கண்டது!

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். 1937இல் பெயரிடப்பட்ட ஆனைமலைப் புள்ளித் தவளை, 73 ஆண்டுகள் கழித்து 2010இல் பரம்பிக்குளத்தில் மீண்டும் தட்டுப்பட்டது. ஆகவே "காணோம்" வேறு, "இல்லை" வேறு.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. தவளை இருப்பது உறுதியான ஓர் ஓடையில், ஐந்து இரவில் இரண்டு இரவே குரல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்ஙனமாயின் வேறோர் ஓடைக்கு ஒரே இரவு சென்று வெறுங்கையோடு திரும்பியவன் பேச்சை நம்புவதற்கில்லை. ஐந்து இரவும் கேட்கவில்லையென்றால், தவளை இருந்தும் நம்மை ஏய்த்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டுதான். மழை பொய்த்த ஆண்டில் இக்கணக்கும் பொய்க்கும். ஆகவே பல ஆண்டுகள் அலைய வேண்டும்.

அது சரி, முன்பு எத்தனை இருந்தன? 2003க்கு முந்திய எண்ணிக்கைக்கு நான் எங்கே போவேன்? என் பாட்டி தேவாரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். மழைக்கு முன், "மண்ணுக்குள்ள கோழி கேறுது" என்பார். சிறுவயதில் சிரித்திருக்கிறேன். ஆண் தவளை மண்ணுக்குள்ளிருந்து அழைக்கும் ஒலிப்பதிவைக் கல்லூரியில் கேட்டபோது சிரிப்பு வரவில்லை, கோழியேதான்!

"முந்தி ஓடைக்கு ஓடை கேக்கும்டா. இப்ப எங்க கேக்குது?" என்கிறார் பாட்டி. இது சான்றாகாது, எழுபது வயதில் காதும் மந்தமாகும். ஆனால் எந்த ஓடைக்கு முதலில் போவது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. பாட்டி பெயர் சொன்ன ஓடைகள் ஏழு. அவற்றில் இரண்டின் குறுக்கே இன்று தடுப்பணை நிற்கிறது. பாறையைக் கவ்வி வாழும் குஞ்சுக்கு ஓடும் நீர் வேண்டும்.

வரும் மே மாதக் கடைசியில் புறப்படுகிறேன். கேலி செய்த நண்பர்கள் உடன் வரலாம். டார்ச் விளக்கு அவரவர் பொறுப்பு. அட்டைக்கு உப்பு நான் கொண்டு வருகிறேன்.