காணாமல் போன 1,575 ரூபாய்

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அன்று முதல் சம்பளம். ஆனால் டீக்கடை பெஞ்சில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை.

“பதினெட்டாயிரம்னு சொல்லித்தான் சார் சேத்தாங்க. 16,425தான் ஏறியிருக்கு. மீதியை அடிச்சிட்டாங்களா?”

இரண்டு டீ சொல்லிவிட்டு, செல்போனில் இருந்த பே ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தேன். பல வருடம் சம்பளப் பட்டியல் போட்ட கண்ணுக்கு அது பழைய சினேகிதன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000. இதர படிகள் 6,000. பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி: பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 135.

‘பிடித்தம்’ என்ற சொல்லில்தான் வம்பு. நம்மிடம் எடுத்ததை மட்டும் அது சொல்கிறது. முதலாளி தன் கையிலிருந்து போடுவதைச் சொல்வதில்லை.

முதலில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கட்டாயம் இது. தொழிலாளி 12 சதவீதம் போட்டால் நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். தம்பியின் 12,000-க்கு அவன் பங்கு 1,440, கம்பெனி பங்கும் 1,440. ஆனால் கம்பெனி பங்கு முழுதாக ஒரே கணக்கில் விழுவதில்லை. அதில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மிச்சம் 440-தான் பி.எஃப். கணக்கில் சேரும். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “கம்பெனி பாதிகூடக் கட்டலை” என்று சண்டைக்குப் போனவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பென்ஷனுக்குத் தனிப் பத்தி இருக்கிறது, அதையும் பாருங்கள் என்பேன்.

“பென்ஷனா? எனக்கா?” என்று சிரித்தான் தம்பி. இருபத்திரண்டு வயதில் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்தச் சிரிப்பில் போகும் பணம்தான் பெரிது. மொத்தம் பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் உண்டு. ஒரே கம்பெனியில்தான் பத்து வருடம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு இடத்தில் நாலு வருடம், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து என்று மாறினாலும் பன்னிரண்டாகக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை வேலையை விட்டதும், பைக் முன்பணத்துக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை ஓடிய வருடங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடக்கம். 2014-இல் வந்த யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் இதற்காகத்தான். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள். பழைய பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு காப்பீடும் வருகிறது. அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முழுக்க நிறுவனத்தின் செலவு. பணியில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ‘நாமினி’ கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனவர்களின் மனைவிமார், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்குவார்கள்.

டீ வந்தது. அடுத்தது இ.எஸ்.ஐ.

“135 ரூபா. பதினஞ்சு ரூபா டீன்னா மாசம் ஒன்பது டீ” என்றேன்.

தொழிலாளி பங்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், தம்பி கணக்கில் 585 ரூபாய். பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே இது வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். இதற்குப் பதிலாக அவனுக்கும் மனைவி மக்களுக்கும், அவனை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சிகிச்சை. உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்தாலும் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. வேலையிடத்து விபத்தில் வேலை செய்ய முடியாமல் போனால் 90 சதவீதம். பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம், முழுக் கூலியோடு. அயனாவரம், கே.கே.நகர், சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிகளில் காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும், உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் என்று வந்து நிற்கும்போது அந்த ஒன்பது டீயின் அருமை புரியும்.

பே ஸ்லிப்பில் வராத ஒன்றும் இருக்கிறது: கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. இதற்குத் தொழிலாளியிடம் பிடிப்பதே கிடையாது. ஐந்து வருடம் முடித்து விலகினால், கடைசி மாத அடிப்படையையும் பஞ்சப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 20,000, சர்வீஸ் பத்து வருடம் என்றால் 1,15,385 ரூபாய். நாலு வருடத்தோடு ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஐந்து முடிய ஒரு மாதம் இருக்கும்போது கோபத்தில் ராஜினாமாவை வீசிவிட்டு, கிராஜுவிட்டி போச்சே என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படுபவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்துவிடுகிறது.

தம்பி டீயைக் கீழே வைத்தான். “என்னோட லைன்ல பாதிப்பேர் காண்ட்ராக்ட் சார். அவங்களுக்கு?”

நல்ல கேள்வி. ஆள் எடுத்து விடும் காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டாமல் ஏமாற்றினால், வேலை வாங்கிய கம்பெனிதான் கட்டியாக வேண்டும். பெயர் யாருடைய பட்டியலில் இருந்தாலும் உரிமை உரிமைதான். காண்ட்ராக்டர்கள் செய்யும் இன்னொரு வித்தை, தங்கள் பங்கையும் தொழிலாளி கூலியிலேயே கழித்துவிடுவது. கூலியிலிருந்து 24 சதவீதம் போயிருந்தால் அது சட்டவிரோதம், பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகாருக்கு பே ஸ்லிப் வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கையில் பணம் கொடுக்கும் இடத்தில் முதல் சண்டையே அந்தச் சீட்டுக்காகத்தான் இருக்க வேண்டும்.

காகித டம்ளரின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தம்பியிடமிருந்து போனது 1,575. அவன் பெயரில் கம்பெனி போட்டது 1,440-ம் 585-ம், ஆக 2,025. நல்ல முதலாளியின் தயவு என்று இதை யாரும் நினைக்க வேண்டாம். அவன் உழைப்புக்கான விலையில் பின்னால் வந்து சேரும் பகுதி இது.

ஆனால் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று பார்க்கும் வேலை நம்முடையது. பி.எஃப். கணக்கில் பதிவான செல்போனிலிருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். அதற்குக் கட்டணம் கிடையாது. மாதம் ஒருமுறை, சம்பளம் ஏறி இரண்டு வாரம் கழித்து, டீ ஆறும் நேரத்தில் இதைச் செய்துவிடுங்கள்.