பதப்பொருளும் பாவமும்

முஸலகிஸலயம் என்னும் வடசொல்லுக்குப் பதப்பொருள் உலக்கையின் கொழுந்து. அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை. பெரியவாச்சான்பிள்ளையின் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்துவந்த எழுத்தறியாத ஒருவர், அங்கே வேதாந்தம் பேசிக்கொண்டிருந்த வித்வான்களை, ஆராயும் க்ரந்தம் யாதென வினவினார். அவர்கள் இப்பெயரைச் சொன்னார்கள். தமிழ் வழக்கில் உலக்கைக்கொழுந்து என்றால் மூடன். அவர் வருந்திப் பிள்ளையின் திருவடிகளை அடைந்து கற்றுத் தேறி, அப்பெயராலேயே ஒரு க்ரந்தமும் இயற்றினார் என்று குருபரம்பரை கூறும்.

அவரே வாதிகேசரி அழகியமணவாளச் சீயர். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதலாக அமைந்த ஐந்து வ்யாக்யானங்களுள், பதந்தோறும் பொருள் காட்டுவதையே பணியாகக் கொண்ட பன்னீராயிரப்படி இவர் அருளியது. சொல்லின் உட்குறிப்பால் புண்பட்டவர் நேர்பொருளை விளக்கப் புகுந்தது எண்ணத்தக்கது. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டின் சுவையில் திளைக்கும் இக்காலத்தார் பலர், பன்னீராயிரப்படியைப் பிரிப்பதே இல்லை. இது பெருங்குறை.

நேர்பொருளே போதுமான இடங்களும் உண்டு. உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற்சுவரில், முதற்பராந்தகன் காலத்துக் குடவோலைத் தீர்மானங்கள் வெட்டப்பட்டுள்ளன. அங்கே குடும்பு என்பது ஊரின் ஒரு பகுதி. உறவும் பாசமும் அச்சொல்லில் இல்லை. கி.பி. 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை, 921இல் 35 முதல் 70 வரை என்று திருத்தப்பட்டது. சபையார்க்கு எண் எண்ணாகவே நிற்கவேண்டும்.

ஆழ்வார்களின் சொல் அவ்வாறு நிற்பதில்லை. அமலனாதிபிரானில் திருப்பாணாழ்வார் ஏழாம் பாசுரத்திலும் ஒன்பதாம் பாசுரத்திலும் 'ஐயோ' என்கிறார். இலக்கணத்தில் அது இரக்கக்குறிப்பு. அரங்கனின் திருவாயையும் திருமேனியையும் கண்டு களிப்பவர்க்கு இரக்கம் ஏன்? வியப்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் இரண்டிடத்தும் உடன்வரும் வினைகள் கவர்தல், கொள்ளுதல் என்பன. ஆழ்வார் சிந்தையைப் பறிகொடுத்திருக்கிறார். பொருளை இழந்தவன் அலறுவதும் இச்சொல்லாலேயே. ஆகவே இழவு என்னும் நேர்பொருள் அங்கே மாறவில்லை. அதன்மேலேதான் களிப்பு ஏறிநிற்கிறது. கங்கைப்படலத் தொடக்கத்தில் இராமன் வடிவைச் சொல்லவந்த கம்பனுக்கும் இச்சொல்லே வாய்த்தது.

(பாவம் என்ற சொல்லே தமிழெழுத்தில் தீவினையையும் உள்ளுணர்வையும் ஒருங்கே குறிக்கிறது, பேச்சுவழக்கில் இரக்கத்தையும். க்ரந்த எழுத்து பயிலாதவர் இடம்நோக்கியே உணரவேண்டும்.)

திருப்பல்லாண்டில் இது இன்னும் நுட்பமாகிறது. காலத்துக்கு அப்பாற்பட்டவனைப் பார்த்துப் பல ஆண்டுகள் வாழ்க என்பது, பதப்பொருளளவில், பொருந்தாத கூற்று. பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இதற்கு வழிகாட்டினார்: அறிவு மேலிட்ட நிலையில் அவன் காப்பவன், இவன் காக்கப்படுபவன், அன்பு மேலிட்டால் அந்த முறை தலைகீழாகும். கருடன்மேல் தோன்றிய அழகைக் கண்டு, இதற்கு என்ன தீங்கு நேருமோ என்று பெரியாழ்வார் அஞ்சினார்.

பல்லாண்டு என்பதற்கு 'நித்யமாக' என்று உரைசெய்வார் சிலர். தத்துவத்தில் பிழையில்லை, பாசுரத்துக்குப் பொருந்தாது. என்றும் உள்ளவனுக்கு அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஆண்டு என்று எண்ணத் தொடங்கியவனுக்கே, எண்ணியது போதாதோ என்னும் கலக்கம் பிறக்கும். பல என்றது ஆழ்வார்க்குப் போதவில்லை, ஆயிரம் என்றார், அதுவும் போதாமல் கோடிக்குச் சென்றார்.