காலடியில் கடல் – 14: ஒரு மரத்துக்கு மூன்று பெயர்

தொல்லுயிர்களில் ‘யாரை யார் தின்றார்கள்’ என்று இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லப்போவதில்லை. நடுவில் ஒரு மரம் வந்து குறுக்கே விழுந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரின் தொல்காலக் களிப்பாறை, அதை ஆராய்ந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதன் ஒரே அடுக்கில் நிலத்து இலையும் கடல் கிளிஞ்சலும் கிடந்த விசித்திரம்... தொடரைப் படித்து வருபவர்களுக்கு இது போதும். புதியவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடிக்கட்டும்.

புதன்கிழமை ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற தம்பி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கார் பூட்டும் லைனில் வேலையாம். “எல்லாப் பாகத்துக்கும் தனித்தனி பார்ட் நம்பர் சார். கதவு ஒரு கம்பெனி, கண்ணாடி வேற கம்பெனி. பூட்டி முடிச்சாதான் வண்டி” என்றார். டீ ஆறிப்போனது. நான் ஒரு வாரமாகச் சொல்லத் திணறிய விஷயத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தொல்தாவரங்களும் பாகம் பாகமாகத்தான் கிடைக்கின்றன. காற்றில் உதிர்ந்த இலை ஓரிடம், வெள்ளம் உருட்டிய தண்டு ஓரிடம், பூ இன்னோரிடம். எது எதனுடையது என்று தெரியாத வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைப்பதுதான் இந்தத் துறையின் நேர்மை. 1879இல் சென்னைக் கடற்கரையோரப் படிவுகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதினார் ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல். பொஹீமியாவில் பிறந்து, கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அவர் கண்ணில் பட்டவையும் பெரும்பாலும் இத்தகைய தனிப் பாகங்கள்தான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் படிவின் அடையாள இலை டிலோஃபில்லம். கிரேக்கத்தில் ‘இறகிலை’ என்று பொருள். தென்னை ஓலையை உள்ளங்கைக்குள் அடங்குமளவு சுருக்கிப் பாருங்கள்: நடுவில் ஈர்க்கு, இரண்டு பக்கமும் சீப்புப் பற்களாய் நெருங்கிய சிற்றிலைகள். வெளிறிய களிப்பாறையில் துருவின் நிறத்தில் அச்சு விழுந்திருக்கும். பார்த்ததும் ஈந்து என்பீர்கள், பெரணி என்பீர்கள். இரண்டும் இல்லை. பென்னெட்டைட்டேல்ஸ் என்ற குலம் அது. பூண்டோடு அழிந்துவிட்டது.

அந்த இலை எந்த மரத்தில் தொங்கியது? விடை வந்தது இங்கிருந்து அல்ல, இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையிலிருந்து. அங்கே எரிமலைக் குழம்பு ஓட்டங்களுக்கு நடுவே சிக்கிய படிவுகளில் செடியின் திசுவுக்குள் சிலிக்கா ஊறி, உயிரணு உயிரணுவாகக் கல்லாகியிருக்கிறது. வெட்டித் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளமைப்பே தெரியும். 1932இல் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி அதை வைத்துக்கொண்டு, பக்லாண்டியா என்று பெயர் பெற்றிருந்த தண்டு, டிலோஃபில்லம் என்ற இலை, வில்லியம்சோனியா என்ற பூ, மூன்றும் ஒரே செடியின் உறுப்புகள் என்று காட்டினார். மூன்று பார்ட் நம்பர், ஒரே வண்டி! கேம்பிரிட்ஜில் தனக்குப் பாடம் சொன்ன சீவார்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்: வில்லியம்சோனியா சீவார்டியானா. செதில் போர்த்திய தண்டின் உச்சியில் இலைக்கொத்தோடு அவர் மீட்டெடுத்த அந்த மரத்தின் படம் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. தாவரவியல் படித்தவர்கள் தேர்வுக்காக வரைந்து அலுத்திருப்பார்கள்.

சாஹ்னியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனமில்லை. லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலேயே புதைபடிவங்களைப் பதித்திருந்தார் சாஹ்னி. ஏழே நாளில், ஏப்ரல் 10 அன்று, இறந்துபோனார். எழும்பிய கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ராஜ்மகால் மரத்தை அப்படியே பெயர்த்து ஸ்ரீபெரும்புதூரில் நட்டுவிட முடியுமா? முடியாது. இலை ஒரே பேரினம் என்பதால் மரமும் அச்சு அசல் அதுவே என்று சத்தியம் செய்ய முடியாது. நெருங்கிய சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே அடுக்கில் கிடப்பவை ஒரே இடத்தில் வாழ்ந்தவையாக இருக்க வேண்டியதில்லை. கிளிஞ்சல் கரையோரச் சேற்றில் வாழ்ந்தது. இலையோ கரைக்கு மேல் எங்கோ உதிர்ந்து, ஆற்றோடு வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இருவரும் ஒரே ஊர்க்காரர் ஆகிவிடுவார்களா? இதை மறந்து வரையப்படும் ‘பண்டைய உலகம்’ படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இரண்டு உயிர்கள் நிச்சயம் சந்தித்தன என்று சொல்ல, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் தடம் வேண்டும். அமெரிக்காவில் கிடைத்த இதே குலத்துக் கூம்புகளில் பூச்சி குடைந்த வழிகள் இருக்கின்றன. வண்டு வந்தது தின்னவா, மகரந்தம் சுமக்கவா? அந்த வழக்கு அடுத்த வாரம். இந்த முறை நிஜமாகவே.

அதற்குள் ஒரு வேண்டுகோள். வல்லம், ஒரகடம் பக்கம் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது வெளிறிய களிப்பாறையில் இலை அச்சு தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். பாறை குழைந்து இலையும் போய்விடும். செய்தித்தாளில் சுற்றி, எந்த ஊர், எத்தனை அடி ஆழம் என்று மேலேயே எழுதி வையுங்கள்.