மருந்து கேட்காத காசநோய்: எத்தனை பேர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் காசநோய் குணமாகிவிடும். பெரும்பாலோருக்கு இது உண்மை. சிலருக்கு மட்டும் அந்த மாத்திரைகள் கேட்பதில்லை. இந்தச் சிகிச்சையில் மிக முக்கியமானவை ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு மருந்துகள். இரண்டுக்குமே அடங்காத கிருமியால் வருவதை எம்.டி.ஆர். காசநோய் என்கிறார்கள். ஒரு நாட்டில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு மருந்து வாங்குவது, எங்கே ஆய்வகம் திறப்பது என்று அரசு முடிவு செய்ய முடியும்.

மருத்துவமனைப் பதிவேட்டை எடுத்து எண்ணினால் போதாதா? போதாது. வேறெங்கும் குணமாகாதவர்கள்தான் கடைசியில் பெருநகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே எண்ணினால் விகிதம் எக்கச்சக்கமாக ஏறித்தான் இருக்கும். மருந்து எதிர்ப்புக்கான பரிசோதனையே நடக்காத ஊரின் பதிவேட்டிலோ ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்த ஊரில் நோய் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, யாரும் தேடவில்லை என்றுதான் பொருள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 1994இல் ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விதிகள் மூன்று. பரிசோதிக்கப்படுபவர்கள் அந்த நாட்டு நோயாளிகளைச் சரியாகப் பிரதிபலிக்க வேண்டும். முதல்முறையாகச் சிகிச்சைக்கு வந்தவர்களையும், முன்பே காசநோய் மருந்து சாப்பிட்டவர்களையும் தனித்தனியே எண்ண வேண்டும். ஆய்வகத்தின் தரத்தை வெளியார் சோதித்துச் சான்று தர வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப் பிற ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கும் பன்னாட்டு ஆய்வகங்களில் ஒன்று.

இந்தியா எப்படி எண்ணியது?

இந்தியாவின் முதல் தேசிய அளவிலான கணக்கெடுப்பு 2014 முதல் 2016 வரை நடந்தது. நாடெங்கும் 120 காசநோய் அலகுகளை, அதாவது அரசுத் திட்டத்தின் உள்ளூர்ப் பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, 5,280 பேரின் சளி மாதிரிகளைத் திரட்டினார்கள். இத்தகைய கணக்கெடுப்பில் யாரைச் சேர்ப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடுவதில்லை. தேவையான எண்ணிக்கை நிறையும்வரை, வருகிற நோயாளிகளை வந்த வரிசையிலேயே சேர்க்க வேண்டும். "இவருக்குத்தான் எதிர்ப்பு இருக்கும் போலிருக்கிறது" என்று பொறுக்கி எடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

திரட்டிய கிருமிகளை 13 மருந்துகளுக்கு எதிராகச் சோதித்தார்கள். சோதிக்கும் முறை இதுதான். கிருமி வளர்வதற்கான திரவம் உள்ள சிறு குழாய்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றில் மருந்து கலந்திருக்கும், இன்னொன்றில் மருந்து இருக்காது. மருந்துக் குழாயில் கிருமியை அப்படியே விடுகிறார்கள். மருந்தில்லாத குழாயில் அதே கிருமியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து விடுகிறார்கள். குழாயின் அடியில் ஒரு வேதிப்பொருள் உண்டு. கிருமி வளர வளரத் திரவத்தில் உள்ள ஆக்சிஜன் தீரும், அந்தப் பொருள் புற ஊதா ஒளியில் மின்னத் தொடங்கும். ஒரு கருவி இதை நாள் முழுக்கக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். நீர்த்த குழாயில் கிருமி வளர்ந்து முடிவதற்குள் மருந்துக் குழாயிலும் அது வளர்ந்துவிட்டால், கிருமிகளில் குறைந்தது நூற்றில் ஒரு பங்காவது மருந்தை மீறி வாழ்கிறது என்று பொருள். அந்த ஒரு பங்கே போதும், எதிர்ப்பு இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். சிகிச்சை தொடர்ந்தால் மற்றவை மடிய, அந்த ஒரு பங்குதான் பெருகி நிற்கும்.

ஒரே நோய்க்கு மூன்று எண்கள்

4,958 பேரின் முடிவுகள் கணக்கில் சேர்ந்தன. அவர்களில் 6.19 சதவீதத்தினருக்கு எம்.டி.ஆர். இருந்தது. செய்திகளில் அதிகம் வந்த எண் இதுதான். ஆனால் இதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம், முன்பே மருந்து சாப்பிட்டவர்களில் 11.62 சதவீதம்.

இந்த இரண்டும் இரண்டு வேறு செய்திகளைச் சொல்கின்றன. முன்பே மருந்து சாப்பிட்டவரிடம் காணும் எதிர்ப்பு, இடையில் மருந்து நின்றதாலோ சிகிச்சை சரியாக அமையாததாலோ உருவாகியிருக்கலாம். காசநோய் மருந்தையே தொடாதவரிடம் அது இருந்தால், எதிர்ப்புள்ள கிருமி இன்னொருவரின் இருமல் வழியாக அப்படியே அவருக்கு வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரி என்ற கிராமப் பகுதியில் 2005–2006இல் இன்னும் கடுமையான எக்ஸ்.டி.ஆர். காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய்க்குச் சிகிச்சையே பெறாதவர்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவருக்குத்தான் இது வரும் என்று நோயாளியைக் குற்றம் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது 6.19க்குத் திரும்புவோம். கணக்கில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 38 சதவீதத்தினர் முன்பே சிகிச்சை பெற்றவர்கள். அவர்களைப் பற்றித் துல்லியமாக அறிய வேண்டுமானால் அவ்வளவு பேர் தேவை. ஆனால் ஒரு மாவட்டத்தில் ஆயிரம் நோயாளிகள், அவர்களில் 850 பேர் புதியவர்கள், 150 பேர் முன்பே சிகிச்சை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதங்களைப் போட்டால் புதியவர்களில் 24 பேருக்கும் மற்றவர்களில் 17 பேருக்கும் எம்.டி.ஆர். இருக்கும். மொத்தம் 41, அதாவது 4.1 சதவீதம். விகிதம் மாறவில்லை, ஆட்களின் கலவைதான் மாறியது. அதனால் மொத்த எண்ணும் மாறிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விகிதம் குறைவாக இருந்தாலும், எம்.டி.ஆர். உள்ள ஆட்கள் புதியவர்களிடையேதான் அதிகம். முன்பெல்லாம் சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் மறுசிகிச்சைக்கு வந்தவர்களுக்குமே எதிர்ப்புப் பரிசோதனை பெரும்பாலும் கிடைத்தது. மேலே சொன்ன மாவட்டத்தில் அப்படிச் செய்தால் 24 பேர் கேட்காத மருந்தைச் சாப்பிட்டபடி, வீட்டில் இருப்பவர்களுக்கும் நோயைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கில் விழும் ஓட்டைகள்

கணக்கெடுப்பில் சேர்ந்தவர்கள் அரசு மையங்களுக்கு வந்து, நுண்ணோக்கியில் பார்த்த சளியில் கிருமி தெரிந்தவர்கள். தனியார் மருத்துவரிடம் போனவர்களும், நிணநீர்க் கட்டியிலோ முதுகெலும்பிலோ காசநோய் உள்ளவர்களும் இதில் இல்லை. புதியவர்களின் 2.84 என்பதும் ஒரே புள்ளி அல்ல. உண்மை விகிதம் 2.27க்கும் 3.50க்கும் இடையில் இருக்கலாம் என்பதே அறிக்கையின் கணிப்பு. ஓர் அலகிலிருந்து வந்த சில டஜன் மாதிரிகளைக் கொண்டு ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்லவும் முடியாது.

பரிசோதனைக்கும் கண்ணில் படாத இடம் உண்டு. சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்துக்குள் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சொல்லிவிடும். கிருமியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியை மட்டுமே அது பார்க்கும். ஆப்பிரிக்காவின் ஸ்வாசிலாந்தில், இன்றைய எஸ்வாட்டினியில், 2009இல் எடுத்த கணக்கெடுப்பின் எம்.டி.ஆர். கிருமிகளைப் பிறகு ஆராய்ந்தபோது, 125இல் 38 கிருமிகளில் மாற்றம் அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தது தெரிந்தது. சிபிநாட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த 38 பேரும் எதிர்ப்பில்லாதவர்கள் என்றே எண்ணப்பட்டிருப்பார்கள்.

எல்லோரையும் சோதிப்பதே சிறந்த கணக்கு

பல ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பைவிட மேலான வழி ஒன்று இருக்கிறது. காசநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் எதிர்ப்புப் பரிசோதனை செய்துவிட்டால், அன்றாடப் பதிவேடே கணக்கெடுப்பாகிவிடும். இந்தியா 2018 முதல் இதைக் கொள்கையாக நாடெங்கும் நடைமுறைப்படுத்துகிறது. 2023இல் உலகில் சுமார் 4 லட்சம் பேருக்கு எம்.டி.ஆர். அல்லது ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய் வந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 27 பேர் இந்தியர்கள். உலக அளவில் உரிய சிகிச்சை தொடங்கியவர்கள் பாதிக்கும் குறைவு. மதிப்பீட்டில் மட்டும் இருந்து எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை.

இனி இப்படி ஒரு சதவீதத்தைச் செய்தியில் பார்த்தால் மூன்றைக் கேளுங்கள்: யாரைச் சோதித்தார்கள், புதியவர்களா முன்பே சிகிச்சை பெற்றவர்களா, எந்தப் பரிசோதனை? உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று சொன்னால், "ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம். அவருக்குச் சரியான மருந்து முதலிலேயே கிடைக்கும். நாட்டின் கணக்கிலும் விடுபட்ட ஒருவர் சேர்வார்.