உனக்கு எத்தனை வந்துச்சு?

இயற்பியலுக்குக் கடைசி மணி 11.50-க்கு. வேதியியல் 2.30-க்கு. நடுவில் இருக்கிற இரண்டு மணி நாற்பது நிமிடமும் சாப்பிடுவதற்கும், வேதியியல் புத்தகத்தை ஒரு புரட்டு புரட்டுவதற்கும்தான் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம்! உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், இரண்டு தாளும் ஒரே நாளில் வரும் கர்நாடக நுழைவுத் தேர்வான சிஇடி அன்று மைசூருக்குப் போய், ஏதாவது ஒரு தேர்வு மைய வாசலில் நல்ல மரநிழலாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது.

முதலில் வந்து சேர்வது சத்தம்தான். பிள்ளைகள் பின்னால் வருவார்கள்.

"ஏய், எஷ்டு பந்து?"

எத்தனை வந்துச்சு என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி. "ஹேகித்து?", எப்படி இருந்துச்சு என்று கேட்பவர்கள் ஃபிளாஸ்கும் டிபன் கேரியருமாக நிற்கும் அம்மாக்கள் மட்டும். அந்தக் கேள்விக்கு "ம்" என்று ஒரு பதில் கிடைக்கும். பதில் சொன்னவர் அதற்குள் கும்பலுக்குள் மறைந்திருப்பார்.

கும்பல் கூடியதும் நடப்பது ஒரு விசித்திரமான தேடல். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றேதான், ஆனால் வரிசை வேறு. ஏ-1, பி-2, சி-4 என்று ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறியீடு. பக்கத்துப் பெஞ்சில் எட்டிப் பார்த்தாலும் பயன் இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவனுடைய 7-வது கேள்வி இவளுடைய 41-வதாக இருக்கும். அதனால், "பி-டூ யாராவது இருக்கீங்களா? பி-டூ!" என்று ரத்த தானத்துக்கு ஆள் தேடுகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒரே குறியீட்டுக்காரர் கிடைத்துவிட்டால், அதுவரை முகமே தெரியாதவராக இருந்தாலும் சரி, தோளில் கை போட்டாகிவிட்டது. மரிமல்லப்பாவில் படித்தவரும் சத்வித்யாவில் படித்தவரும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத விரோதம் எல்லாம் அங்கே செல்லாது. "மகா, நீனும் பி-டூவா!" அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் நண்பர்கள்.

இந்தத் திருவிழாவுக்குக் கொடியேற்றி வைப்பதே கர்நாடகத் தேர்வு ஆணையம்தான் என்பது பலருக்குத் தெரியாது. கேள்வித்தாளைக் கையோடு எடுத்துப் போகலாம். அதைவிடப் பெரிய வரம், வட்டங்களைக் கருப்பாக்கும் ஓஎம்ஆர் தாளுக்கு அடியில் ஒரு நகல் தாள் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தியது அதிலும் பதிந்திருக்கும். கண்காணிப்பாளர் மேல் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, கீழ்த் தாளை மாணவரிடம் கொடுத்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுபோய் நீயே திருத்திப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வீடு வரைக்கும் யாருக்குப் பொறுமை? அதோ, மூன்று நகல்கள் ஒரே ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரிக்கப்பட்டு, ஆறு கண்கள் அதன்மேல் குனிந்தாகிவிட்டது. ஸ்கூட்டர் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

கேள்விகள் 60, மதிப்பெண்ணும் 60. விடையளிக்க 70 நிமிடம். ஒரு கேள்விக்கு எழுபது விநாடி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, எனவே கடைசி இரண்டு நிமிடத்தில் அறைக்குள் பக்தி பெருகும். எஞ்சியிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே எழுத்து. "பாக்கி பன்னிரண்டுக்கும் சி போட்டேன்" என்று ஒருவன் கம்பீரமாக அறிவிக்கிறான். நான்கில் ஒன்று என்ற கணக்கில் அவனுக்கு மூன்று மதிப்பெண் எதிர்பார்க்கலாம். அவன் எதிர்பார்ப்பது எட்டு.

எல்லோருக்கும் ஒரே விடை வந்த கேள்விகளில் யாருக்கும் அக்கறை இல்லை. மடமடவென்று தாண்டிப் போய்விடுவார்கள். வண்டி நிற்கிற இடம் வேறு. எந்த வருஷத் தாளிலும் வரக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பேட்டரியோடு இணைத்த ஒரு கெபாசிட்டர். பேட்டரியைக் கழற்றாமலே, தகடுகளுக்கு நடுவில் மின்கடத்தாப் பலகை ஒன்றைச் செருகுகிறோம். அதன் மாறிலி 2. சேமித்த ஆற்றல் என்ன ஆகும்? பாதியாகுமா, அப்படியே இருக்குமா, இரட்டிப்பாகுமா, நான்கு மடங்கா?

"பாதி" என்று நால்வர் ஒரே குரலில் சொல்கிறார்கள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம்.

"இரட்டிப்பு" என்கிறாள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். கையில் பாதி சாப்பிட்ட சுருமுரிப் பொட்டலம்.

"எப்படி? பலகையைப் போட்டா ஃபீல்டு குறையும். ஃபீல்டு குறைஞ்சா எனர்ஜியும் குறையும்."

"அது பேட்டரியைக் கழட்டிட்டா. இங்க கழட்டலையே. வோல்டேஜை பேட்டரி பிடிச்சு வச்சிருக்கு, ஃபீல்டு எப்படிக் குறையும்? கெபாசிட்டன்ஸ் ரெண்டு மடங்கு. அரை சி வி ஸ்கொயர். வி மாறல. அப்ப ரெண்டு மடங்குதானே?"

ஒருவன் கேள்வித்தாளை மறுபடி படிக்கிறான். உதடு அசைகிறது. "கழற்றாமலே" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரு மதிப்பெண் போனது முகத்தில் தெரிகிறது. ஆனால் விடவில்லை. "சரி, அந்தக் கூடுதல் எனர்ஜி எங்கிருந்து வந்துச்சு?"

அடடா! கேள்வித்தாளில் இல்லாத கேள்வி இது. எழுபது விநாடிக்குள் யாருக்கும் தோன்றியிருக்காது. பின்னல்காரப் பெண் சுருமுரியைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு, கேள்வித்தாளின் ஓரத்திலேயே கணக்குப் போடுகிறாள். மின்னேற்றம் இரட்டிப்பானால் கூடுதலாக வந்தது சி வி. அதை வி என்ற மின்னழுத்தத்தில் தள்ளிக் கொடுத்த பேட்டரி செலவழித்தது சி வி ஸ்கொயர். கெபாசிட்டரில் கூடியதோ அதில் பாதிதான். "மீதிப் பாதி?" என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். அவளும் பேனாவைக் கடிக்கிறாள். நிச்சயமில்லாமல் ஒரு மூலையில் இருந்து ஒரு குரல்: "பலகையை உள்ள இழுக்கத்தான் போயிருக்கும்?" சரி! மிகச் சரி! செருகும்போது பலகையைக் கெபாசிட்டரே உள்ளே இழுக்கிறது. அந்த வேலைக்கான கூலிதான் அந்த மீதி. சொன்னவன் யார் தெரியுமா? பன்னிரண்டுக்கும் சி போட்டவன்.

இதற்காகத்தான் வெயிலில் வந்து நின்றோம். வருஷம் முழுக்க வகுப்பில் கிடைக்காத இயற்பியல் பாடம் அந்த ஸ்கூட்டர் சீட்டின் மேல் நடந்துகொண்டிருக்கிறது. "முடிஞ்ச பரீட்சையைப் பத்திப் பேசாதே, அடுத்ததைப் பார்" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பதற்றம் கூடுமே என்ற கவலை அவர்களுக்கு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் ஓட்டு ஸ்கூட்டர் பக்கம்தான். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இதையே ஒரு பாடமுறையாக ஆக்கினார். கேள்வியைக் கொடுத்து ஓட்டுக் கேட்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி அவரை மாற்றிக் காட்டச் சொல்வார். மறுபடி ஓட்டு. தான் விரிவுரை செய்ததைவிட இதில் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டு, 1997-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஹார்வர்டு வேண்டியிருக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டால் போதும்.

சரி, கும்பலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்போம். "படிக்கவே இல்லடா" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர். அவருக்கு 55 வரும், எல்லோருக்கும் தெரியும், யாரும் நம்புவதில்லை. எந்த விடை சொன்னாலும் "நானும் அதேதான்" என்பவர் இன்னொருவர். காதைப் பொத்திக்கொண்டு "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று ஓடி, பத்தடி தள்ளி நின்று ஒட்டுக்கேட்பவர் ஒருவர். இவர்தான் என் செல்லம்.

அப்புறம் அந்த அழியாப் புலம்பல்: "முதல்ல சரியாத்தான் யோசிச்சேன், கடைசில மாத்திட்டேன்!" ஆளுக்கு ஒன்றாவது வைத்திருப்பார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குரூகரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் ரப்பரால் அழித்த தடங்களை எண்ணிப் பார்த்து, 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். விடையை மாற்றியவற்றில் ஏறக்குறையப் பாதி தப்பிலிருந்து சரிக்குப் போயிருந்தது. சரியிலிருந்து தப்புக்குப் போனது கால்வாசிதான். மாற்றித் தப்பித்தது மனதில் தங்குவதில்லை, மாற்றிக் கெட்டது மட்டும் தங்கிவிடுகிறது. இதை அந்தக் கும்பலில் போய்ச் சொன்னால் நம்மை அடிக்க வருவார்கள்.

மைசூர்க்காரர் ஒருவர் இதையெல்லாம் எப்போதோ எழுதிவைத்துவிட்டார். ஆர்.கே. நாராயண், மகாராஜா கல்லூரியில் படித்தவர், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டவரும்கூட. 1935-ல் வந்த அவருடைய முதல் நாவலில், தேர்வு முடிந்து வெளியே வரும் சுவாமிநாதன், கதையின் நீதி என்ன என்ற கேள்விக்குத் தான் ஒரே வரியில் பதில் எழுதியதையும், நண்பர்கள் நீட்டி முழக்கியதையும் ஒப்பிட்டுப் பார்த்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்வான். அவனுக்கு நகல் தாள் இல்லை. பக்க அளவைத்தான் ஒப்பிட முடிந்தது.

மதியச் சாப்பாடு எப்படி முடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை. வேதியியலை யாரும் புரட்டவில்லை. 2.30-க்கு உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது, பயிற்சி மையங்களின் ஆசிரியர்கள் காலைத் தாளை ஆளுக்குப் பத்துக் கேள்வியாகப் பிரித்துக்கொண்டு விடைக்குறிப்புத் தயாரித்திருப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் இரண்டு மையங்களின் குறிப்புகள் வரும், இரண்டும் ஒத்துப்போகாது. மறுபடி சண்டை. இப்போது அப்பாக்களும் சேர்ந்துகொள்வார்கள். சில நாளில் ஆணையத்தின் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தப்பென்று நினைப்பவர்கள் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதன் பிறகே இறுதிக் குறிப்பு. ஸ்கூட்டர் சீட்டில் ஆரம்பித்த வாதத்துக்கு அரசாங்க முத்திரை கிடைக்கிற வழி இது.

அந்த முத்திரை பலமாக விழுந்த வருஷம் 2024. ஏப்ரல் 19, தமிழ்நாடு விரலில் மை வைத்து ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே வெள்ளிக்கிழமை, கர்நாடகப் பிள்ளைகள் இயற்பியலையும் வேதியியலையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் வெளியே வந்த கும்பல்களில் பேச்சே வேறு. "உனக்கு எத்தனை" இல்லை, "இது நம்ம பாடத்திலேயே இல்லையே!" குறைக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. ஸ்கூட்டர் சீட்டில் கண்டுபிடித்தது மாநிலம் முழுக்கக் கூச்சலாகி, கடைசியில் நான்கு பாடத்திலும் சேர்த்து 50 கேள்விகளை மதிப்பீட்டிலிருந்தே நீக்கினார்கள். இயற்பியலில் போனவை ஒன்பது. அறுபதுக்கு எழுதியவர்களுக்கு ஐம்பத்தொன்றுக்குத் திருத்தம். அந்த ஒன்பதையும் கஷ்டப்பட்டுச் சரியாகப் போட்டவர்களின் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் வந்த நீட் இன்னும் வேடிக்கை. அதில் ஒரே ஓர் இயற்பியல் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்பது சரியா, தப்பா? கதிரியக்கத் தனிமங்கள் நிலையானவை அல்ல, எனவே தப்பு. ஆனால் என்சிஇஆர்டி புத்தகத்தின் பழைய பதிப்பு சரி என்கிறது. அண்ணனின் பழைய புத்தகத்தை வாங்கிப் படித்த தம்பிகள் என்ன செய்வார்கள்? தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு போனதும், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு ஐஐடி டெல்லியில் மூவர் குழு அமைத்து மறுநாளே பதில் சொல்லச் சொன்னது. விடை ஒன்றுதான் என்று ஜூலை 23-ல் குழு சொல்லிவிட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் போனது, முதலிடத்தில் நின்ற 61 பேர் 17 ஆனார்கள். அந்தப் பாடப்புத்தகத்தைப் போடும் என்சிஇஆர்டியின் வட்டாரக் கல்வி நிறுவனம் 1963-லிருந்து இதே மைசூரில், மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. அந்தக் கோடையில் அங்கே பி.எஸ்சி.எட். படித்துக்கொண்டிருந்த வருங்கால இயற்பியல் ஆசிரியர்கள் கேன்டீனில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒட்டுக்கேட்க எனக்கு இன்னும் ஆசை.

கணினியில் எழுதும் தேர்வுகள்தான் இந்த வேடிக்கையைக் கெடுக்கின்றன. ஜேஇஇ மெயினுக்கோ காமெட்-கேவுக்கோ போனால் வெறுங்கையோடு வெளியே வரவேண்டும். கேள்வித்தாளும் இல்லை, நகலும் இல்லை, காலை அமர்வுக்காரருக்கும் மதிய அமர்வுக்காரருக்கும் கேள்வியே வேறு. அதற்காகக் கும்பல் கூடாமல் இருக்குமா? கேள்வியையே ஞாபகத்திலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். ஒருவருக்குப் படம் நினைவிருக்கிறது, இன்னொருவருக்கு எண்கள்.

"சாய்தளம், முப்பது டிகிரி, கரெக்டா?"

"முப்பத்தேழு."

"உராய்வு இருந்துச்சா இல்லையா?"

"உராய்வா? அது சாய்தளமே இல்லடா, லென்ஸ்!"